மாவில்லாத மொறுமொறுப்பு

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் எத்தனையோ மாறிவிடுகின்றன. குழந்தைகளின் பேச்சில் இந்தியோ மராத்தியோ கலந்துவிடுகிறது, உடை மாறுகிறது, காலையில் இட்லி இருந்த இடத்தில் ரொட்டி வந்து அமர்கிறது. ஆயினும் மாலை நான்கு மணி ஆனதும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறும் வழக்கம் மட்டும் மாறக் காணோம். மாறவேண்டிய அவசியமும் நேர்வதில்லை. ஏனெனில் பஜ்ஜிக்குப் பாஷை பேதம் கிடையாது. பம்பாயில் மழை பிடித்துக்கொண்டால் தெருமுனைதோறும் காந்தா பஜி பொரிகிறது. கல்கத்தாவில் கத்தரிக்காயைக் கடலைமாவில் தோய்த்துப் பேகுனி என்கிறார்கள். தில்லியின் குளிரில் பக்கோடாக் கடைமுன் கூடும் கூட்டத்தைச் சொல்லி முடியாது. எங்கே போனாலும் காய், மாவு, கொதிக்கும் எண்ணெய் ஆகிய மூன்றும் நம்மை வரவேற்கக் காத்திருக்கின்றன.

இவற்றுடன் நீரிழிவும் காத்திருக்கிறது என்பதே துன்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் நடத்திய பெரும் ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு என்பது அவற்றின் கணக்கு. வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர் என்பது நாட்டின் சராசரி. தமிழ்நாட்டில் அது 14.4, தில்லியில் 17.8. ஆகவே, ஊரை விட்டு வந்ததால் நோயையும் விட்டு வந்தோம் என்று நாம் நினைப்பதற்கில்லை. அதே ஆய்வைச் சேர்ந்த உணவுக் கணக்கு 2025-இல் வெளிவந்தது. நாம் உண்ணும் உணவின் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அது காட்டியது.

வைத்தியர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் முதலில் அடிபடும் பதார்த்தங்களில் பஜ்ஜியும் ஒன்று. வீட்டில் எல்லாரும் சுற்றி அமர்ந்து தின்ன, ஒருவர் மட்டும் வெறும் காப்பியை வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்திருப்பது எளிய காரியமன்று. 'ஒன்றே ஒன்று' என்று எடுத்தது நான்காகிவிடுவதும், மறுநாள் காலைப் பரிசோதனையில் அந்த நான்கும் சாட்சி சொல்வதும் பல வீடுகளில் நாம் காண்பவைதாம். பத்தியம் என்பது இரண்டு மாதத்தில் முடிகிற சங்கதியாயிருந்தால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். ஆயுள் முழுதும் கடைப்பிடிக்கவேண்டிய பத்தியத்தில் நாவுக்கும் ஏதேனும் ஓர் இடம் இருந்தே தீரவேண்டும். அந்த இடத்தை எவ்வாறு அமைப்பது என்பதே இப்பேச்சின் பொருள். மாவுக்குப் பதிலாகப் பாலாடைக்கட்டியை, அதாவது கடைகளில் சீஸ் என்று விற்கும் பண்டத்தை, காய்களின்மேல் மொறுமொறுப்பான போர்வையாக ஏற்றலாம் என்று நாம் சொல்லப்போகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. பஜ்ஜியில் மொறுமொறுப்பைத் தருவது எது? மாவு என்றுதான் பலரும் விடை கூறுவர். அது பாதி விடையே. ஈர மாவு சூடான எண்ணெயில் விழுந்ததும் அதிலுள்ள நீர் ஆவியாகிச் சலசலவென்று வெளியேறுகிறது. நீர் போன இடத்தில் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. எஞ்சிய பகுதி உலர்ந்து விறைத்து நிற்கிறது. அந்த விறைப்பைப் பல் உடைக்கும்போது எழும் ஓசையையே மொறுமொறுப்பு என்கிறோம். ஆகவே மொறுமொறுப்புக்கு இரண்டு பொருள்கள் போதும். நீரை இழக்கக்கூடிய ஒரு மெல்லிய படலம் வேண்டும். நீரை விரட்டும் சூடு வேண்டும். அந்தப் படலம் மாவாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புரதமும் அவ்வேலையைச் செய்யும். பொன்னிறமும் வறுபட்ட மணமும்கூட மாவுக்கே உரியவை அல்ல. புரதத்தின் கூறுகளும் சர்க்கரையின் கூறுகளும் மிகுந்த சூட்டில் இணைவதால் அவை பிறக்கின்றன என்பதை லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர் 1912-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பாலாடைக்கட்டியில் புரதம் ஏராளம். பாற்சர்க்கரை மிகச் சிறிதளவே. பழுப்பு நிறம் ஏற அந்தச் சிறிதளவு போதும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கடலைமாவு 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 58 கிராம். அரிசி மாவில் 80 கிராம். கடலைமாவு அரிசியைவிட மெதுவாகவே இரத்தத்தில் சர்க்கரையாகச் சேரும் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. எனினும் ஒருவர் உண்ணும் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜிக்குக் கடலைமாவு 50 கிராம், அரிசி மாவு 15 கிராம், வாழைக்காய் 80 கிராம் என்று வைத்துக்கொண்டால், மூன்றும் சேர்ந்து மாவுச்சத்து 60 கிராமைத் தாண்டிவிடும். அதற்கு மாறாகக் காலிபிளவர் 120 கிராமும் பாலாடைக்கட்டி 60 கிராமும் எடுத்துக்கொண்டால் மொத்தம் எட்டுக் கிராம் அளவிலேயே நின்றுவிடும். செடார் என்ற வகைப் பாலாடைக்கட்டியில் 100 கிராமுக்கு மாவுச்சத்து மூன்று கிராம் அளவே. புரதமோ 23 முதல் 25 கிராம் வரை உண்டு. அறுபதுக்கும் எட்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்திற்காகவே இவ்வளவு பாடும்.

எந்தப் பாலாடைக்கட்டியை வாங்குவது? இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். ஆதலின் இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். வட நாட்டில் வாழும் நமக்குப் பன்னீர் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. ஆனால் இந்த வேலைக்குப் பன்னீர் உதவாது. கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பைச் சேர்த்துத் திரிப்பதால், பாற்புரதத்தைப் பிணைத்து நிற்கும் சுண்ணாம்புச்சத்தின் பெரும்பகுதி கரைந்து நீங்கிவிடுகிறது. புரதமும் நெருங்கி இறுகிவிடுகிறது. அதனால் பன்னீர் எவ்வளவு சூட்டிலும் உருகி ஓடாமல் துண்டு துண்டாகவே வறுபடும். மட்டர் பன்னீருக்கு அது நற்குணம். போர்வையாகப் படரவேண்டிய இடத்தில் அதுவே குறை. செடார் போன்றவை வேறு வழியில் உறைக்கப்படுகின்றன. பாலை உறையவைக்கும் நொதியைச் சேர்த்து, மோர்நீரை வடித்து, உப்பிட்டு, மாதக்கணக்கில் முதிரவைக்கிறார்கள். அவற்றின் புரத வலை சூடு பட்டதும் தளர்ந்து, குழைந்து, கல்லில் படர்கிறது. பிறகு நீர் ஆவியாகிறது, கொழுப்பு வெளியேறுகிறது, அந்தக் கொழுப்பிலேயே புரதப் படலம் பொரிகிறது. எண்ணெய் ஊற்றவேண்டிய அவசியமே பெரும்பாலும் நேராது.

நம் கடைகளில் அதிகம் விற்கும் தகர டப்பிச் சீசும், மெழுகுத்தாள் போல ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் வில்லைகளும் பதப்படுத்தப்பட்ட வகையைச் சேர்ந்தவை. கொழுப்பும் நீரும் பிரியாதிருக்க அவற்றில் சில உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். ரொட்டியின் நடுவே வைத்துத் தின்ன அவை இனியவை. ஆனால் நீரை விடமாட்டோம் என்று பிடிவாதம் பிடிக்கும். கல்லில் நெடுநேரம் குழைந்தே கிடக்கும், உப்பும் மிகுதி. மொஸரெல்லா என்று பீட்சாவுக்காக விற்பது இவற்றினும் நன்று. அதில் நீர் ஏறக்குறையப் பாதி இருப்பதால் பொறுமை அதிகம் வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்தது முதிர்ந்த செடார். அதையும் மொஸரெல்லாவையும் சமபங்காகத் துருவிக் கலந்துகொண்டால் மணத்துக்கு மணமும், படர்வதற்குப் படர்வும் கிட்டும் என்பது நம் கருத்து.

வாங்கும்போது மூன்று விஷயங்களை உறையிலே படித்துக்கொள்ளுங்கள். துருவியே விற்கும் பொட்டலங்களில் துருவல் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க மாவுப்பொடி தூவுவது உண்டு. மாவைத் தவிர்க்கப் போய் மாவையே விலைகொடுத்து வாங்குவானேன்? கட்டியாக வாங்கிக் குளிர்ந்திருக்கும்போதே வீட்டில் துருவுவதே மேல். அடுத்து, தாவர எண்ணெயும் மாவும் சேர்த்துப் பாலாடைக்கட்டிபோல் தோன்றச் செய்த போலிகள் மலிவாக வருகின்றன. சேர்மானப் பட்டியலில் அவை இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். மூன்றாவது, சைவ உணவு உண்போருக்கானது. உறைக்கும் நொதியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது ஐரோப்பாவில் பழைய முறை. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவை இன்றும் அவ்வாறுதான் செய்யவேண்டும் என்பது விதி. நம் நாட்டுத் தயாரிப்புகளில் நுண்ணுயிர்களிலிருந்து பெறும் நொதியையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் சஞ்சலத்துக்கு இடமில்லை.

'இதெல்லாம் அந்நிய நாட்டு நாகரிகம்' என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. இத்தாலியின் வடகிழக்கிலுள்ள ஃப்ரியூலி நாட்டார் பாலாடைக்கட்டியைத் துருவிச் சட்டியில் உருக்கிச் சல்லடை போன்ற மொறுமொறுப்பான அடையாக்கி, அதை ஃப்ரிக்கோ என்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் நம் தேசத்திலேயே ஜம்முவின் மலைப்பகுதியில், குறிப்பாக உதம்பூர் வட்டாரத்தில், களாரி என்ற நாட்டுப் பாலாடைக்கட்டி தொன்றுதொட்டு வழங்கிவருகிறது. வட்டமான வில்லையாக இருக்கும் அதை உப்புத் தூவி இரும்புக் கல்லில் இட்டால், தன் கொழுப்பிலேயே பொரிந்து, புறம் பொன்னிறமாகி, அகம் இளகி நிற்கும். கல்லில் பாலாடைக்கட்டியைப் பொரிப்பதில் அவர்களுக்குள்ள கைப்பழக்கம், தோசை வார்க்கத் தெரிந்த நமக்கு வர எத்தனை நாளாகும்? ஜம்முவிலோ அதன் அருகிலோ வாழும் நேயர்கள் செடாரைத் தேடி அலையவேண்டாம். களாரியை மெல்லியதாகச் சீவி இதே முறையில் செய்துபார்க்கலாம்.

காய்களில் வாழைக்காயையும் உருளைக்கிழங்கையும் விலக்கிவிடுவோம். அவற்றை வைத்துக்கொண்டு மாவை மட்டும் நீக்குவது, வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்துவைத்தது போலாகும். காலிபிளவர், கத்தரிக்காய், வெண்டை, குடைமிளகாய், பஜ்ஜி மிளகாய் இவை உகந்தவை. தில்லியிலும் கல்கத்தாவிலும் மலிந்து கிடைக்கும் பர்வலையும் விதை நீக்கிச் சேர்க்கலாம். வட நாட்டுக் குளிர்காலத்தில் காலிபிளவர் வந்து குவிவதை நாம் அறிவோம். அப்போது அதற்கு நிகரில்லை. எந்தக் காயானாலும் ஈரமே எதிரி. காயிலிருந்து கசியும் நீர் கட்டியின் நீரோடு சேர்ந்தால் போர்வை வேகுமேயன்றிப் பொரியாது. ஆகவே காலிபிளவரைத் தண்டோடு தட்டையான துண்டங்களாக அரிந்து, கொதிநீரில் மூன்று நிமிடம் இட்டு எடுத்து, துணியில் பரப்பிக் கால்மணி நேரம் உலரவிட வேண்டும். கத்தரிக்காயை விரற்கடைப் பருமனுள்ள வட்டங்களாக நறுக்கி, சிறிது உப்புத் தூவி இருபது நிமிடம் வைத்தால் நீர் முத்துமுத்தாக வெளிவரும். அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வெறுங்கல்லில் இருபுறமும் வாட்டிக்கொள்ள வேண்டும். வெண்டையைக் கழுவித் துடைத்து உலர்த்திய பிறகே நீளவாக்கில் பிளக்கவேண்டும் என்பதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

மசாலைக்கு மிளகுத்தூள், மிளகாய்த்தூள், பெருங்காயம், கையால் கசக்கிய ஓமம் இவை போதும். தனியாக உப்புச் சேர்க்கவேண்டாம். பாலாடைக்கட்டியின் உப்பே நிறைவாக இருக்கும்.

இனி அடுப்புக்கு வருவோம். பழகிய இரும்புத் தோசைக்கல், அல்லது ஒட்டாத பூச்சுள்ள கல், இரண்டில் எதுவாயினும் சரி. தோசைக்கு வேண்டிய சூட்டைவிடச் சற்றுக் குறைந்த மிதமான சூடு வேண்டும். துருவலை ஒரு கைப்பிடி, அதாவது 15 கிராம் அளவு, காய்த்துண்டைவிடச் சிறிது அகலமான வட்டமாகத் தூவுங்கள். ஒரு நிமிடத்தில் அது உருகிக் கொப்புளிக்கத் தொடங்கும். அப்போது மசாலை பூசிய காயை அதன் நடுவே வைத்து, சட்டுவத்தால் மெல்ல அழுத்துங்கள். அதன்பின் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே வேலை. இந்த இடத்தில் அவசரப்பட்டுப் புரட்டினால் போர்வை கிழிந்து கல்லோடு போய்விடும். காதால் கேட்டுக்கொண்டிருங்கள். முதலில் எழும் படபட ஓசை நீர் வெளியேறும் ஓசை. அது அடங்கி, ஓரங்கள் தேன் நிறமாகித் தாமே கல்லை விட்டுக் கிளம்பும். அதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கலாம். அப்போது சட்டுவத்தை அடியில் செலுத்தினால் தோசை வருவதுபோல முழுதாக எழுந்து வரும். பக்கத்தில் இன்னொரு கைப்பிடித் துருவலைத் தூவி, போர்வையில்லாத பக்கம் அதன்மேல் படும்படி கவிழ்த்து, மறுபடியும் காத்திருங்கள். இருபுறமும் போர்வை வேண்டாதவர் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்; கட்டியின் அளவு பாதியாகக் குறையும். தேன் நிறத்தைத் தாண்டிக் கரும்பழுப்பானால் கசந்துவிடும்.

எடுத்தவுடன் தொட்டுப் பார்த்து, 'இது துவளுகிறதே' என்று சோர்ந்துபோகவேண்டாம். சூட்டில் போர்வை நெகிழ்ந்துதான் இருக்கும். இரண்டு நிமிடம் ஆறினால்தான் விறைக்கும். ஆறவைப்பது கம்பி வலையின்மேல் இருக்கட்டும். தட்டில் அடுக்கி மூடிவைத்தால் தன் ஆவியிலேயே நமுத்துப்போகும். பம்பாய் மழைக்காலத்துக் காற்றில் மூடாமல் வைத்தாலும் நெடுநேரம் தாங்காது. அலுவலகத்துக்குக் கட்டிக் கொடுக்கும் பண்டமன்று இது. கல்லிலிருந்து வலைக்கு, வலையிலிருந்து வாய்க்கு என்று செல்லவேண்டியது.

முட்டை உண்போருக்கு வேறொரு வழியும் உண்டு. அடித்த முட்டையில் காயைத் தோய்த்து, பொடியாகத் துருவிய முதிர்ந்த கட்டியோடு ஒரு கரண்டி பாதாம் பொடியோ நிலக்கடலைப் பொடியோ கலந்து, அதில் புரட்டி, தாளிக்கும் அளவினும் சற்று மிகுந்த எண்ணெயில் இருபுறமும் சிவக்கவிடலாம். முட்டையின் புரதம் சூட்டில் இறுகிப் போர்வையைப் பிடித்துக்கொள்ளும். நிறைந்த எண்ணெய்ச் சட்டியில் இவற்றை முழுகவிடாதீர்கள். கட்டி உருகிக் காயைவிட்டுக் கழன்று, எண்ணெயெல்லாம் கருகும். காயும் போகும், எண்ணெயும் போகும்.

சர்க்கரை ஏறாது என்பதால் எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். செடார் 100 கிராமில் கொழுப்பு 33 கிராம், ஆற்றல் 400 கலோரி. நாம் சொன்ன 60 கிராமிலேயே 240 கலோரி வந்துவிடும். அதில் சோடியமும் 400 மில்லிகிராம் அளவு உண்டு. நாள் ஒன்றுக்கு 2000 மில்லிகிராமுக்குள் நிற்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, அன்று ஊறுகாயையும் அப்பளத்தையும் தள்ளிவைப்பது நலம். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடவே வேண்டாம்.

இன்னொரு அபாயம் பலர் எண்ணிப் பாராதது. மாலையில் பஜ்ஜியும் இரவில் சோறும் உண்டு பழகிய உடம்புக்கு ஏற்றபடியே இன்சுலின் அளவையும் மாத்திரையின் அளவையும் வைத்தியர் நிர்ணயித்திருப்பார். உற்சாகத்தில் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்துவிட்டு மருந்தை மட்டும் பழைய அளவிலேயே கொண்டால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளாமைடு போன்ற மாத்திரைகளை உண்போரும் இதை மறக்கலாகாது. டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரைகளை உண்போர் மாவுச்சத்தை அடியோடு ஒழித்தாலோ, இரத்தத்தில் அமிலம் மிகும் வேறோர் ஆபத்துக்கு இடம் உண்டு. உணவை மாற்றுமுன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திடீரென வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, பரிசோதனையில் சர்க்கரை 70-க்குக் கீழே காட்டினால், அந்த வேளையில் பாலாடைக்கட்டிப் பலகாரம் உதவாது. கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, கால்மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும். தனியே அறை எடுத்துத் தங்கி உத்தியோகம் பார்க்கும் இளைஞர்கள், அடுத்த அறைக்காரர்க்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பீர்கள். புட்டியில் வரும் தக்காளிக் குழம்பில் சர்க்கரை கணிசமாகச் சேர்ந்திருக்கும். தில்லிக் கடைகளில் தரும் இனிப்புப் புளிச் சட்டினியும் அவ்வாறே. கொத்தமல்லியும் புதினாவும் பச்சைமிளகாயும் அரைத்த பச்சைச் சட்டினியில் எலுமிச்சை பிழிந்தால் கட்டியின் கொழுப்பை அப்புளிப்பு நன்றாக எடுத்துக்கொடுக்கும். உப்பை மட்டும் அதில் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சட்டினியும் தவறில்லை. ஆனால் கொழுப்போடு கொழுப்பு சேர்ந்து மந்தமாக இருக்கும். நம் வாக்கு பச்சைச் சட்டினிக்கே.